குன்றின் பெயரும் வீட்டின் பெயரும்: பரோலோவும் புருனெல்லோவும்

அடர்ந்த நிறமே நல்ல சிவப்பு ஒயினுக்கு அடையாளம் என்று எண்ணி வருகிறவரை இத்தாலியின் இரண்டு பெரிய ஒயின்கள் பார்த்த மாத்திரத்திலேயே குழப்பிவிடும். பீட்மாண்ட் பகுதியின் பரோலோவைக் கோப்பையில் கால்பங்கு ஊற்றிச் சாய்த்துப் பிடித்தால், அடியில் விரித்த செய்தித்தாளின் எழுத்துகளை அதனூடாகப் படித்துவிடலாம். டஸ்கனியின் புருனெல்லோ டி மொந்தால்சீனோ அதைவிட ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருக்கும். அதுவும் ஒளியை மறைக்காது. சில ஆண்டுகள் கழிந்த புட்டியானால் இரண்டிலும் விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும். கடை அலமாரியின் மேல்தட்டில் இருப்பவை, முப்பது நாற்பது ஆண்டுகள் கெடாமல் நிற்பவை என்றெல்லாம் கேள்விப்பட்டவருக்கு இந்த மெல்லிய நிறம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு வாய் பருகியதும் கேள்வி மாறிவிடும்: இவ்வளவு துவர்ப்பு இதற்குள் எங்கே ஒளிந்திருந்தது?

விடை திராட்சையிலேயே இருக்கிறது. பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ. புருனெல்லோ முழுக்க முழுக்க சாஞ்சோவேசே. வேறு திராட்சை ஒரு துளியும் சேரக் கூடாது என்பது இரண்டுக்கும் சட்டம். இந்த இரு திராட்சைகளின் தோலிலும் உள்ள நிறமிகள் நிலையற்றவை, காற்றுப் பட்டால் சீக்கிரம் மங்குபவை. துவர்ப்போ இரண்டிலும் உண்டு, அதிலும் நெபியோலோவின் துவர்ப்புக்கு ஈடாக இத்தாலியில் அதிகம் சொல்ல முடியாது. பீப்பாயில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கும்போது நிறம் முதலில் கிளம்பிப் போய்விடும். துவர்ப்பு அவ்வளவு எளிதில் இடத்தைக் காலி செய்வதில்லை.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். ஒயின்களுக்கு இத்தாலிய அரசு தரும் உயர்நிலைச் சான்றான டி.ஓ.சி.ஜி. 1980இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அந்தச் சில பெயர்களுக்குள் இரண்டும் இருந்தன. ஒற்றைத் திராட்சை, பெரிய மரப்பீப்பாய், நீண்ட காத்திருப்பு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளம்பிய பழமை-புதுமைச் சண்டை என்று எல்லாமே பொதுவாகத் தோன்றும். ஆனால் ‘மரபு’ என்று இரு ஊர்க்காரர்களும் சொல்வது ஒன்றையே அல்ல என்பது என் எண்ணம். பரோலோவின் மரபு, பல சிறு குடும்பங்கள் பல குன்றுச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்து செய்து படிந்த வழக்கம். புருனெல்லோவின் மரபு, ஒரு குடும்பம் எடுத்த ஒரு முடிவு. பின்னால் அதுவே ஊருக்குச் சட்டமாயிற்று. இந்த வேறுபாடு வரலாற்றுப் புத்தகத்தோடு நிற்பதில்லை. புட்டியில் ஒட்டிய சீட்டில் எதைத் தேடுவது, எதை நம்பிப் பணம் கொடுப்பது என்பது வரை வருகிறது.

முதலில் நிலம். பரோலோ விளையும் லாங்கே குன்றுகள் ஆல்பா நகருக்குத் தெற்கே இருக்கின்றன. பதினோரு ஊராட்சிகளின் எல்லைக்குள் விளைந்ததை மட்டுமே பரோலோ என்று விற்கலாம். அவற்றிலும் பெரும்பகுதி பரோலோ, லா மோர்ரா, காஸ்திலியோனே ஃபல்லெத்தோ, செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே என்னும் ஐந்து ஊர்களில் விளைகிறது. ஓர் ஊரின் மணிக்கூண்டிலிருந்து அடுத்த ஊரின் மணிக்கூண்டு தெரியும். ஆனாலும் மண் ஒன்றல்ல. மேற்கே லா மோர்ராவிலும் பரோலோ ஊரிலும் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண்; அங்கே வரும் ஒயின் சற்று இளகியது, மணம் முந்திக்கொண்டு வருவது. கிழக்கே செர்ராலுங்காவில் மண் அதைவிட வயதானது, மணற்பாறை கலந்தது. அந்த ஒயின் இறுக்கமானது, பத்தாண்டு ஆனாலும் முகம் கொடுக்காதது. காஸ்திலியோனே ஃபல்லெத்தோ இரண்டுக்கும் நடுவில், நிலத்திலும் சுவையிலும். ஒரே திராட்சை, ஒரே சட்டம், சில கிலோமீட்டர் தூரம்; அதற்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால் முதலில் நம்ப மாட்டோம். இரு ஊர்ப் புட்டிகளை ஒரே மாலையில் திறந்து பார்த்தவர்கள் பிறகு மறுப்பதில்லை.

நெபியோலோ பிடிவாதமான கொடி. வசந்தத்தில் எல்லாருக்கும் முன்னால் துளிர்க்கும். அதனால் பின்பனிக்கு அஞ்ச வேண்டும். இலையுதிர் காலத்தில் எல்லாருக்கும் கடைசியாகப் பழுக்கும். அதனால் அக்டோபர் மழைக்கும் அஞ்ச வேண்டும். குன்றின் மேல்பாதியில், தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவில், வெயில் நன்றாக விழும் இடத்தில் வைத்தால்தான் முழுதாகப் பழுக்கும். பனிக்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பது அந்த ஊர் விவசாயிகளின் கணக்கு. அதனால்தான் அங்கே ஒவ்வொரு சரிவுக்கும் பெயர் உண்டு: கன்னூபி, புருனாத்தே, புஸ்ஸியா, விஞ்ஞா ரியோந்தா. 2010இல் இந்தப் பெயர்களையெல்லாம் எல்லை வரைந்து சட்டத்தில் ஏற்றினார்கள். பட்டியலில் 181 பெயர்கள்.

மொந்தால்சீனோவில் காட்சியே வேறு. சியன்னா நகருக்குத் தெற்கே தனியாக எழுந்து நிற்கும் குன்று. உச்சியில் 564 மீட்டர் உயரத்தில் ஒரு கோட்டையூர். சுற்றிலும் சரிந்து இறங்கும் நிலம். 2017இல் விரிவாவதற்கு முன் அந்த ஒரே ஊராட்சிக்கு இருந்த எல்லைதான் புருனெல்லோவின் எல்லை. தென்கிழக்கே 1,738 மீட்டர் உயரத்தில் அமியாத்தா மலை நின்று புயலையும் ஆலங்கட்டி மழையையும் பெருமளவு தடுத்துக்கொள்கிறது. லாங்கேயைவிட வெப்பம் கூடுதல், மழை குறைவு. திராட்சை அங்கிருப்பதைவிட முன்னதாகவே பழுத்துவிடுகிறது. இங்கும் மண்ணும் சரிவும் ஒன்றல்ல. வடக்குச் சரிவில் குளிர்ச்சியான, ஒல்லியான ஒயின். தெற்கே சாந்தாஞ்சலோ, காஸ்தெல்நுவோவோ தெல்லபாத்தே பக்கம் வெயில் குடித்த, சதைப்பிடிப்பான ஒயின். வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் புட்டியில் அதைச் சொல்ல வழியில்லை. பரோலோவுக்கு இருப்பதுபோல் எல்லை வரைந்த உட்பிரிவுப் பட்டியல் புருனெல்லோவுக்குக் கிடையாது. தனித் தோட்டத்தின் பெயரைப் போடலாம், அவ்வளவே. எந்தச் சரிவு என்று தெரிய வேண்டுமானால் அந்த வீட்டைத் தெரிந்திருக்க வேண்டும்.

இது தற்செயல் அல்ல. புருனெல்லோ ஒரு வீட்டில்தான் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொந்தால்சீனோவுக்கு அப்படியொன்றும் சிவப்பு ஒயின் பெருமை கிடையாது; இனிப்பான வெள்ளை மொஸ்கதெல்லோவுக்குத்தான் பெயர். கிளெமெந்தே சாந்தி என்ற மருந்தாளர் தன் இல் கிரெப்போ தோட்டத்தில் தேர்ந்தெடுத்த சிவப்பு ஒயின் செய்து கண்காட்சிக்கு அனுப்பினார். அவருடைய 1865ஆம் ஆண்டு விளைச்சல் 1869இல் பரிசு பெற்றது. அவருடைய மகள்வழிப் பேரன் ஃபெருச்சோ பியோந்தி-சாந்தி, இத்தாலிய ஒருங்கிணைப்புக்குப் போராடிய கரிபால்தியின் படையில் சண்டையிட்டுத் திரும்பியவர். அந்தக் காலத்து டஸ்கனியில் சாஞ்சோவேசேவோடு வெள்ளைத் திராட்சையையும் கலந்து, இளசிலேயே குடித்துவிடும்படி செய்வதுதான் வழக்கம். ஃபெருச்சோ நேர்மாறாகப் போனார்: தோட்டத்தில் சிறந்த சாஞ்சோவேசே கொடிகளைப் பொறுக்கி எடுத்து வளர்த்தார், வேறு திராட்சை கலக்க மறுத்தார், பெரிய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்காக வைத்தார். 1888ஆம் ஆண்டு விளைச்சல் அப்படி வந்தது. அதிலிருந்து 1945 வரை, நீண்டகாலம் வைத்திருக்கத் தக்கது என்று அந்த வீடு அறிவித்த விளைச்சல்கள் நான்கே நான்கு: 1888, 1891, 1925, 1945. இப்படி ஒரு கறார் வியாபாரத்துக்கு உதவாது, பெயருக்கு உதவியது. 1969இல் லண்டன் இத்தாலியத் தூதரகத்தில் குடியரசுத் தலைவர் சரகாத் எலிசபெத் அரசிக்கு அளித்த விருந்தில் இந்த வீட்டின் 1955 ஒயின் பரிமாறப்பட்டது.

1966இல் புருனெல்லோவுக்கு முதல் சட்டம் எழுதப்பட்டபோது அந்தக் குடும்பத்தின் வழக்கமே பெரும்பாலும் சட்ட வாசகமாயிற்று: சாஞ்சோவேசே மட்டும், மரத்தில் நான்கு ஆண்டு. அப்போது ஊரில் பதிவான புருனெல்லோத் தோட்டம் அறுபது சொச்சம் ஹெக்டேர்தான். இன்று சுமார் 2,100 ஹெக்டேர். அரை நூற்றாண்டில் முப்பது மடங்குக்கு மேல் பெருகிய ஒன்றுக்கு ‘தொன்மை மரபு’ என்று சீட்டு ஒட்டும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்த மரபு இளையது என்பதற்காகப் பொய்யல்ல. தேதி தெரிந்த மரபு, அவ்வளவுதான்.

பரோலோவின் பிறப்புக்கும் ஒரு சீமாட்டி கதை உண்டு. பிரான்சிலிருந்து மருமகளாக வந்த ஜூலியா ஃபல்லெத்தி சீமாட்டி, அரசியல்வாதி கவூர் பிரபு, பிரெஞ்சு ஒயின் வணிகர் லூயி உதார் ஆகிய மூவரும் சேர்ந்துதான், அதுவரை இனிப்பு மிச்சமிருந்த நெபியோலோ ஒயினை இனிப்பில்லாத ஒயினாக மாற்றினார்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்தப் பெருமையில் பெரும்பங்கு உதாருக்கல்ல, 1835இல் ஒயின் செய்முறைக் கையேடு எழுதிய ஸ்தாலியேனோ என்ற படை அதிகாரிக்கே என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். யாராக இருந்தாலும், அவர்களோடு பரோலோ நின்றுவிடவில்லை. திராட்சை விளைவித்தவர்கள் சிறு குடியானவர்கள். அவர்களிடம் வாங்கிக் கலந்து விற்றவர்கள் ஆல்பாவின் வணிகர்கள். மேற்குச் சரிவின் மணமும் கிழக்குச் சரிவின் இறுக்கமும் ஒரு பீப்பாயில் சேர்ந்தால்தான் ஒயின் முழுமை என்பதே அன்றைய அறிவு. ஒற்றைச் சரிவின் பெயரைப் போட்டுப் புட்டி விற்பது 1961ஆம் ஆண்டு விளைச்சலுக்குப் பிறகே பரவியது.

இங்கே ஒரு முரண். இன்று பரோலோ வாங்குகிறவர் சரிவின் பெயரைத்தான் மரபின் முத்திரையாக நினைக்கிறார். ஆனால் மரபுவாதிகளில் தலைமகனான பார்த்தோலோ மஸ்கரெல்லோ, கன்னூபி, சான் லொரென்சோ, ரூவே, ரோக்கே என்ற நான்கு இடங்களின் திராட்சையையும் சேர்த்து ஒரே பரோலோதான் செய்தார். 2005இல் அவர் மறைந்தபின் மகளும் அப்படியே செய்கிறார். ரினால்தி வீட்டார் இரு சரிவுகளைக் கலந்து இரண்டின் பெயரையும் சீட்டில் போட்டுவந்தார்கள். 2010 விதி அதைத் தடுத்ததும் இரட்டைப் பெயரை விட்டுவிட்டு ஓர் ஒயினுக்கு ‘த்ரே தீனே’ என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். சட்டம் மரபைக் காக்க வந்து மரபுக்காரரையே இடித்தது.

சரி, கோப்பைக்கு வருவோம். இரண்டையும் அருகருகே ஊற்றி முகர்ந்தால், பரோலோவில் முதலில் எழுவது காய்ந்த ரோஜா இதழும் தாரும் கலந்த மணம். அழகும் முரடும் ஒன்றாக வருவது விசித்திரம்தான். அதுவே நெபியோலோவின் கையெழுத்து. செர்ரி, ஆரஞ்சுத் தோல், அதிமதுரம் பின்னால் வரும். பதினைந்து இருபது ஆண்டு கடந்த புட்டியில் பழம் பின்வாங்கி ஈர இலை, காளான் வாசனை தலைதூக்கும். புருனெல்லோவில் பழம்தான் முதலில்: புளிப்புச் செர்ரி, அதைச் சுற்றித் தேயிலைத் தூள், தக்காளி இலை, ரோஸ்மேரி போன்ற காய்ந்த மூலிகை. வயதானால் தோல், புகையிலை. பரோலோவின் மணம் கோப்பைக்கு மேலே தனியாக மிதக்கும். புருனெல்லோவின் மணத்துக்கு மூக்கைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

வாயில்தான் உண்மையான பிரிவு. பரோலோவை ஒரு மிடறு எடுத்து நாலைந்து வினாடி வாயில் உலவவிட்டு விழுங்கினால், ஈறுகளிலும் உதட்டின் உட்புறத்திலும் பிடிப்பு தெரியும். நாவற்பழம் தின்றபின் வாய் முழுக்கக் கவ்வுமே, அதன் நயமான உறவு. உமிழ்நீரில் உள்ள புரதத்தைத் துவர்ப்புப் பொருள் கட்டிப்போடுவதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. நாம் அதைத்தான் வறட்சி என்று உணர்கிறோம். புருனெல்லோவில் முதலில் வேலை செய்வது புளிப்பு. நாக்கின் இரு ஓரங்களிலும் நீர் ஊறும். துவர்ப்பு அதன் பின்னால், சற்றுத் தாமதமாக, நடுநாக்கில் வந்து உட்காரும். நெபியோலோவும் புளிப்பில் சளைத்ததல்ல. ஆனால் அங்கே புளிப்பு துவர்ப்பின் நிழலில் நிற்கிறது. இங்கே முன்னால் நடக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு இரண்டில் எது எது என்று கேட்டால் நான் மூக்கை நம்ப மாட்டேன், ஈறைத்தான் நம்புவேன்.

இதனால் இரண்டும் முதுமை அடைவதும் வேறு விதம். பரோலோவுக்குக் காத்திருப்பது துவர்ப்பு இளகுவதற்காக. நல்ல ஆண்டின் செர்ராலுங்காப் புட்டியை எட்டு வயதில் திறப்பது பூட்டிய கதவைத் தட்டுவதுதான். புருனெல்லோவைத் தாங்கி நிறுத்துவது புளிப்பு. பத்து வயதில் பெரும்பாலும் பேச ஆரம்பித்துவிடும், நல்ல வீட்டுப் புட்டி முப்பது ஆனாலும் தளராது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் காத்திருப்பு இதைவிட மிகக் குறைவு: பரோலோவுக்கு 38 மாதம், அதில் மரத்தில் 18, கூடுதலாக முதிர்த்த ‘ரிசெர்வா’ என்றால் 62 மாதம். புருனெல்லோ அறுவடைக்கு அடுத்த ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் கடைக்கு வரும். மரத்தில் இருக்க வேண்டிய காலம் நான்காண்டிலிருந்து படிப்படியாகக் குறைந்து இப்போது இரண்டாண்டு.

மரம் என்றாலும் எந்த மரம், எந்த அளவு என்பதில்தான் இரு ஊரிலும் ரத்தம் கொதித்தது. மரபு முறையில் குரோஷியாவின் ஸ்லவோனியா ஓக் மரத்தில் செய்த, பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பெரும் பீப்பாய். ஒயினின் கொள்ளளவுக்கு மரம் படும் பரப்பு குறைவு. பழைய பீப்பாய் வேறு. அதனால் மரத்தின் வாசனை ஏறாது, காற்று மட்டும் மெல்ல மெல்லப் புகும். புதிய முறையில் 225 லிட்டர் கொள்ளும் பிரெஞ்சுச் சிறு பீப்பாய், அதுவும் புத்தம் புதிது. வனிலாவும் வறுத்த மணமும் சேர்ந்து ஒயின் சீக்கிரம் மெருகேறும். நொதிக்கும்போது தோலை ஊறவைக்கும் காலமும் சண்டைக்குக் காரணம். பழைய பரோலோவில், மிதக்கும் தோலை மரப்பலகையால் ஒயினுக்குள்ளேயே அமுக்கி மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். புதியவர்கள் சுழலும் தொட்டியில் சில நாளிலேயே வேலையை முடித்தார்கள்.

பரோலோவில் இந்தச் சண்டை வீட்டுக்குள் நடந்தது. பிரான்சின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய எலியோ அல்தாரே, 1983இல் தந்தையின் பெரும் பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்துப் போட்டார்; தந்தை மகனுக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். மறுபக்கம் மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயும் வேண்டாம் அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தானே வரைந்த சீட்டைப் புட்டியில் ஒட்டினார். தகப்பன்-மகன், பக்கத்து வீட்டுக்காரர், ஓட்டு, கட்சி எல்லாம் கலந்த ஊர்ச் சண்டை. அப்படிப்பட்ட சண்டை ஊர்வழக்கமாகத்தான் தீரும், தீர்ந்தும் விட்டது. அல்தாரேயின் தலைமுறை சுத்தத்தையும் தோட்டத்தில் காய் குறைக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது. மரபுக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். சிறு பீப்பாயை ஓரங்கட்டிப் பெரும் பீப்பாய்க்குத் திரும்பிய புதுமைக்காரர்களும் பலர்.

மொந்தால்சீனோவில் சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. உலகச் சந்தை கறுத்த, பருத்த ஒயினைக் கேட்டது. வெளிறிய சாஞ்சோவேசே வைத்திருந்தவர்களுக்குச் சபலம் வந்தது. 2008இல், புருனெல்லோவில் மெர்லோ போன்ற வேற்றுத் திராட்சை கலக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் அரசு விசாரணை தொடங்கி லட்சக்கணக்கான புட்டிகளை முடக்கியது. கலப்பில்லை என்ற சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றது அமெரிக்கா. அடுத்த சில ஆண்டுகளில் தளர்வு வேண்டுமா என்று தயாரிப்பாளர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. புருனெல்லோவின் சின்னத் தம்பி ஒயினான ரோஸ்ஸோ டி மொந்தால்சீனோவில்கூட வேறு திராட்சை கூடாது என்றே 2011இல் முடிவானது. ஒரு வீட்டின் பிடிவாதம் ஊரின் பிடிவாதமாக மாறியது அன்றுதான் என்று சொல்வேன்.

அந்த ஊரில் வீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜான்ஃப்ராங்கோ சொல்தேராவைவிட நல்ல சாட்சி இல்லை. மிலானிலிருந்து வந்து காசே பாஸ்ஸே தோட்டத்தை உருவாக்கியவர்; பெரும் பீப்பாயும் நீண்ட காத்திருப்புமே அவர் முறை. 2012 டிசம்பர் இரவொன்றில், முன்பு வேலைபார்த்த ஒருவர் நிலவறையில் புகுந்து பீப்பாய்களின் குழாய்களைத் திறந்துவிட்டார். 2007 முதல் 2012 வரை ஆறு விளைச்சல்கள், அறுபதாயிரம் லிட்டருக்கு மேல், தரையில் ஓடின. அதன்பின் சொல்தேரா தயாரிப்பாளர் சங்கத்தோடு முரண்பட்டு வெளியேறி, புருனெல்லோ என்ற பெயரையே கைவிட்டார். வெறும் டஸ்கனி ஒயின் என்ற சாதாரணப் பெயரில் விற்றார். விலை குறையவில்லை, வாங்குகிறவர்களும் குறையவில்லை. பரோலோவில் ஒருவர் ‘பரோலோ’ என்ற பெயரை விட்டுவிட்டு இப்படி நிற்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. பரோலோவில் முதலில் ஊரைப் பாருங்கள், பிறகு சரிவை, பிறகு வீட்டை. லா மோர்ரா என்றால் கொஞ்சம் முன்னதாகத் திறக்கலாம், செர்ராலுங்கா என்றால் வைத்திருக்க வேண்டும் என்ற அளவுக்காவது ஒரு பிடி கிடைக்கும். புருனெல்லோவில் வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பியோந்தி-சாந்தியில் கொடியின் வயதை வைத்தே ஒயினைப் பிரித்தார்கள்: பத்தாண்டுக்குட்பட்ட கொடியிலிருந்து ரோஸ்ஸோ, அதற்கு மேல் புருனெல்லோ, இருபத்தைந்தைத் தாண்டிய கொடியிலிருந்து, அதுவும் நல்ல ஆண்டில் மட்டும், ரிசெர்வா. சட்டம் கேட்காத விதி. வீட்டுக்காரரே தமக்கு வைத்துக்கொண்டது. இதெல்லாம் சீட்டில் எழுதியிருக்காது.

பருகும் முறையில் இரண்டுக்கும் பொதுவானது அதிகம். வயிறு அகன்ற கோப்பை. 16 முதல் 18 டிகிரி வெப்பம். ‘அறை வெப்பத்தில் பரிமாறுங்கள்’ என்ற ஐரோப்பிய அறிவுரையைச் சென்னையில் அப்படியே கேட்டால் சாராய நெடிதான் மிஞ்சும். குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்து எடுப்பது நல்லது. பழைய புட்டியென்றால் முதல்நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் கசடு தங்கியபின் அலுங்காமல் ஊற்ற வேண்டும். இளம் பரோலோவை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே குடுவையில் ஊற்றிக் காற்றாட விடலாம். முதிர்ந்த பரோலோவுக்கு அது ஆபத்து. திறந்து வைத்தாலே போதும். புருனெல்லோவைக் கோப்பையிலேயே மெல்ல விழிக்க விடுவது எனக்குப் பிடிக்கும். முதல் மிடறுக்கும் கடைசி மிடறுக்கும் இடையே அது நகர்ந்திருக்கும் தூரத்தைக் கவனிப்பதில்தான் இன்பம்.

சாப்பாடில்லாமல் இவற்றைத் தனியாகச் சுவைத்துப் பார்ப்பதை நான் பாதி வேலை என்பேன். துவர்ப்புப் பொருளுக்குக் கட்டிப்போட ஏதாவது புரதம் வேண்டும். தட்டில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ இருந்தால் உமிழ்நீரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும், வாய் தப்பித்துவிடும். லாங்கேயில் முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த ‘தயாரின்’ என்ற நூல்போன்ற பாஸ்தா. வெண்ணெய் விட்டு, இலையுதிர் காலமானால் மேலே ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளைச் சீவிப் போடுவார்கள். நிலத்தடிக் காளானின் அந்த மணமும் முதிர்ந்த பரோலோவின் மணமும் ஒன்றையொன்று ஏற்கெனவே அறிந்தவை. பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சியும் உண்டு. மொந்தால்சீனோவில் அடுப்பைவிட நெருப்புதான் முக்கியம்: கரியில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டு, காட்டுப்பன்றிக் குழம்பு ஊற்றிய கைத்திரிப் பாஸ்தா, பியென்சாவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. உப்பும் கொழுப்பும் புகையும் சேர்ந்த இவற்றைப் புருனெல்லோவின் புளிப்பு வெட்டிக்கொண்டு போகிறது. தக்காளி சேர்ந்த சமையல் எதுவானாலும் எனக்குப் புருனெல்லோதான். தக்காளியின் புளிப்புக்கு முன்னால் பரோலோ கடுகடுத்துவிடும்.

விலை இரண்டிலும் சாதாரணமல்ல. முதல் அறிமுகத்துக்கு இரண்டுக்கும் தம்பிகள் உண்டு. பீட்மாண்டில் ‘லாங்கே நெபியோலோ’: பரோலோ ஆகியிருக்கக்கூடிய திராட்சையிலிருந்தே சில வீடுகள் இதைச் செய்கின்றன; இளசிலேயே ரோஜா மணம் கிடைக்கும், ஈறும் பிழைக்கும். மொந்தால்சீனோவில் ரோஸ்ஸோ, அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்துவிடும். இவற்றில் ரோஸ்ஸோதான் அண்ணனுக்கு நெருக்கமாக இருக்கிறது. அதே கொடி, அதே வீடு, குறைந்த காத்திருப்பு. லாங்கே நெபியோலோவைக் குடித்துப் பரோலோவை ஊகிப்பது கடினம், ஏனென்றால் எந்தச் சரிவு என்ற கேள்வியே அங்கே காணாமல் போய்விடுகிறது.

இரண்டையும் ஒரே விருந்தில் வைக்கும் துணிச்சல் இருந்தால் புருனெல்லோவை முதலில் ஊற்றுங்கள். பரோலோவுக்குப் பின் வரும் எதுவும் கொஞ்ச நேரத்துக்கு நீர்த்துத்தான் தெரியும். ஒரே புட்டி, அதுவும் இன்றிரவே என்றால் பத்து வயது கடந்த புருனெல்லோ, தெரிந்த வீட்டிலிருந்து. கையில் இருப்பது 2016ஆம் ஆண்டுச் செர்ராலுங்கா என்றால் தக்கையில் கை வைக்காமல், வேறு புட்டியைத் தேடுங்கள்.